திரையும் வலையும்

நுழையும்முன்

வளையாமல் நிற்பதையே வலிமை என்று கொள்வது உலக வழக்கம். வளைந்தும் நெளிந்தும் மட்டுமே உயிர்வாழக்கூடிய ஒரு பொருள் மனித உடலுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குருதியின் சிவப்பணுவைப் போர்த்தியுள்ள மெல்லிய படலமே அது. அப்படலம் எவ்வாறு வளைகிறது, வளைந்தபின் எவ்வாறு மீள்கிறது, மீள இயலாதபோது என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மனித உடலின் இடப்புறத்தில், விலா எலும்புகளின் மறைவில், மண்ணீரல் என்னும் உறுப்பு அமைந்துள்ளது. ஒரு கைப்பிடி அளவே உள்ள அவ்வுறுப்பினுள் இரவும் பகலும் ஒரு தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது. தேர்வுக்கு வருபவை குருதியின் சிவப்பணுக்கள். அவற்றிடம் கேட்கப்படும் வினா ஒன்றுதான்: இந்தச் சிறு பிளவின் வழியே நுழைந்து அப்பால் செல்ல முடியுமா, முடியாதா?

அங்குள்ள குருதி நாளங்களின் சுவரில் காணப்படும் பிளவுகள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமே உடையவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறே மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டமோ 8 மைக்ரோமீட்டர். அதன் தடிப்பு விளிம்பில் 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவுகளைப் பத்து இலட்சம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 8 மீட்டர் குறுக்களவும் ஆள் உயரத்திற்கு மேற்பட்ட தடிப்பும் கொண்ட ஒரு வட்டத் தட்டு, ஒரு மீட்டர் அகலமே உள்ள வாயிலின் வழியே கிழியாமல் நுழைந்து, மறுபுறம் வந்ததும் மீண்டும் வட்டத் தட்டாக வேண்டும். அவ்வாறு வெளிவரும் அணு, குருதி ஓட்டத்தில் கலந்து தன் பணியைத் தொடர்கிறது. நுழைய இயலாமல் சிக்கிக்கொள்ளும் அணுவை, அருகிலேயே காத்திருக்கும் விழுங்கணுக்கள் உண்டுவிடுகின்றன. மறுதேர்வு என்பது அங்கு இல்லை.

சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. புதிய புரதங்களை உருவாக்கும் ஆற்றலும் கிடையாது. எலும்பு மச்சையில் பிறக்கும்போது அணிந்து வந்த உடையை வைத்துக்கொண்டே அது தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கவேண்டும். கிழிந்தால் தைத்துக்கொள்ள வழியில்லை. இத்தகைய அணுக்களை உடல் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் என்ற அளவில் ஆக்கி அனுப்புகிறது. அதே அளவில் முதிர்ந்தவற்றை நீக்குகிறது. ஆகவே அந்த ஒற்றை உடையின் தரமே ஓர் உயிரின் தரமாகிவிடுகிறது.

முக்கால் மூட்டை

சிவப்பணுவை முதன்முதலில் விரிவாக உற்றுநோக்கியோருள் ஒருவர் ஆலந்து நாட்டின் லேவன்ஹூக். அவர் 1674ஆம் ஆண்டில் தம் கையால் செய்த உருப்பெருக்கியின் வழியே அதனைக் கண்டு எழுதினார். அதற்கு நூறாண்டுகளுக்குப் பின்னர், 1773இல், இங்கிலாந்தின் வில்லியம் ஹியூசன் அது உருண்டை வடிவினது அன்று, தட்டையானது என்று நிறுவினார். குருதியில் தூய நீரைக் கலந்தால் அத்தட்டுகள் உப்பி உருண்டையாவதையும் அவர் கண்டார். சிறிய செய்திபோலத் தோன்றும் இக்காட்சியில்தான் சிவப்பணுவின் வாழ்வு நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு சிவப்பணுவின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 90 கன மைக்ரோமீட்டர். அந்த அளவைப் பொதிந்து வைக்க, உருண்டை வடிவில் ஒரு பை தைத்தால், 97 சதுர மைக்ரோமீட்டர் பரப்புள்ள துணி போதும். உண்மையில் சிவப்பணுவின் மேற்பரப்போ 135 முதல் 140 வரை உள்ளது. அதாவது, தேவைக்கு மேல் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலான உடை. வாய்வரை நெல்லை நிரப்பி இறுக்கித் தைத்த மூட்டையை வளைக்க இயலாது; தோளில் ஏற்றினால் அது மரக்கட்டைபோல் நிற்கும். முக்கால் மூட்டையோ தோளின் வளைவுக்கு இசைந்து படியும். சுமை தூக்கும் தொழிலாளர் அனைவரும் அறிந்த இந்த உண்மையையே சிவப்பணுவும் கடைப்பிடிக்கிறது. நிறைந்து நிற்பதைக் காட்டிலும் சற்றுக் குறைந்து நிற்பதே அதற்குப் பாதுகாப்பு.

கூடுதல் உடை மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. அந்த உடை எத்தகைய துணியால் ஆனது என்பதும் பார்க்கவேண்டியது.

பாத்திரம் கழுவிய நீர்

அத்துணியின் இயல்பு வெளிப்பட்ட வரலாறு ஓர் ஆய்வகத்தில் தொடங்கவில்லை, சமையலறையில் தொடங்கியது. செருமனியின் பிரவுன்சுவைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ் என்னும் பெண்மணி, எண்ணெய்ப் பசையுள்ள பாத்திரங்களைக் கழுவிய நீரின் மேற்பரப்பு விந்தையாக நடந்துகொள்வதைக் கவனித்தார். அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. அவர் தகரத்தட்டு ஒன்றில் நீரை நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகடு நகருமாறு வைத்து, நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை நெருக்கியும் விரித்தும் அளந்தார். தாம் கண்டவற்றை 1891இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதமாக எழுதினார். ராலே அதனை ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். பெயரும் பட்டமும் இல்லாத ஒருவரின் கடிதத்தைப் படித்து, அதன் தகுதி உணர்ந்து, அவர் பெயராலேயே வெளிவரச் செய்த ராலேயின் பண்பும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அந்தத் தகரத்தட்டின் திருந்திய வடிவத்தையே பின்னர் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர் பயன்படுத்தினார். 1925இல் ஆலந்தின் லெய்டன் நகரில் குழந்தை மருத்துவரான கோர்ட்டர், தம் உதவியாளர் கிரெண்டலுடன் சேர்ந்து அதே கருவியைக் கையாண்டார். மனிதர், நாய், ஆடு, முயல் முதலியவற்றின் சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோன் என்னும் நீர்மத்தால் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின்மேல் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினார். அக்கொழுப்பு பரவிய இடம், அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரு மடங்காக இருந்தது. ஆகவே அணுவைச் சூழ்ந்திருப்பது இரண்டு அடுக்குக் கொழுப்பே என்று அவர்கள் முடிவு செய்தனர்.

முடிவு சரியானது, கணக்கு சரியானதன்று. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. உலர்ந்த அணுவை அளந்ததால் அணுவின் மேற்பரப்பையும் அவர்கள் குறைவாகக் கணக்கிட்டனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் உண்மை கிட்டியது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய நற்பேறு அரிது. ஆயினும் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்களுக்கே அது வாய்த்தது என்பதையும் மறக்கலாகாது.

அந்த ஈரடுக்குக் கொழுப்புப் படலத்தின் தடிப்பு 4 முதல் 5 நானோமீட்டர் வரை. முன்னர்ச் சொன்ன பத்து இலட்சம் மடங்குக் கணக்கில், 8 மீட்டர் தட்டுக்கு அரை சென்டிமீட்டர் உறை. அப்படலத்தில் உள்ள ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் நீரை விரும்பும் ஒரு தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே மறைய, தலைகள் இருபுறமும் நீரை நோக்க, மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு வரிசையாக அணிவகுக்கின்றன. அவற்றைப் பிணைத்து வைக்கும் கயிறோ பசையோ இல்லை. நீரிலிருந்து வால்களை மறைத்துக்கொள்ளும் முயற்சியே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இதனால் அப்படலத்திற்கு மூன்று வகையான இயல்புகள் வாய்த்துள்ளன. அதனை இழுத்து நீட்டினால், பரப்பில் 2 முதல் 4 விழுக்காடு கூடுவதற்குள் கிழிந்துவிடும். தலைகள் விலகினால் வால்கள் நீரில் தெரிந்துவிடும் அல்லவா? வளைத்தாலோ மிக எளிதாக வளையும். மூலக்கூறுகளின் வெப்ப அலைவே அதனைச் சற்று நெளியவைக்கப் போதுமானது. நுண்ணோக்கியில் உயிருள்ள சிவப்பணுவைப் பார்த்தால் அதன் விளிம்பு விளக்குச் சுடர்போல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்நடுக்கத்தை வெப்ப அலைவின் விளைவாகக் கொண்டு 1975இல் பிரான்சின் பிரோஷார், லெனான் ஆகிய இருவரும் கணித்துக் காட்டினர். மூன்றாவது இயல்புதான் வியப்புக்குரியது. பக்கவாட்டில் தள்ளினால் அப்படலம் எதிர்ப்பே காட்டாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கடந்து வழுக்கிச் செல்லும். ஒரு வகையில் அது துணியே அன்று. இரு பரிமாணத்தில் பரவிய நீர்மம். நீர்மத்திற்கு வடிவ நினைவு ஏது? வளைத்தவர் வளைத்த வடிவில் அது நின்றுவிடும்.

திரை என்னும் சொல்

தமிழில் ‘திரை’ என்பது பொருள்வளம் மிக்க சொல். இடையே தொங்கும் மறைப்பும் திரை; கடலின் அலையும் திரை; முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரை. நரையும் திரையும் என்று இணைத்துச் சொல்வது மரபு. பால் தன் நிலை கெடுவதைத் திரிதல் என்றும் திரைதல் என்றும் சொல்வர். மெல்லிய படலம், அதில் எழும் அலை, அதில் படியும் சுருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழி, அவற்றுக்கிடையே உள்ள உறவை எங்கோ உணர்ந்திருக்க வேண்டும். இயற்பியலும் அவ்வுறவை வேறொரு வழியில் கண்டடைந்தது.

மெல்லிய பொருள் ஒன்றை இரு முனைகளிலும் நெருக்கினால் அது முதலில் சுருங்க முயல்கிறது. நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்ததும் திடீரெனப் பக்கவாட்டில் வளைந்துவிடுகிறது. தென்னங்குச்சி ஒன்றை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் இதனைக் காணலாம். இதற்கு நெளிவு என்று பெயர். 1744இல் ஆய்லர் என்னும் கணிதமேதை அந்த எல்லையைக் கணக்கிடும் வழியை வெளியிட்டார். தூண் எழுப்புவோர்க்கும் பாலம் கட்டுவோர்க்கும் நெளிவு என்பது அச்சம் தரும் சொல். நெளிந்த தூண் விழப்போகும் தூண். எனவே நெளிவைத் தவிர்ப்பதற்கே அக்கணக்கு நெடுங்காலம் பயன்பட்டது.

ஒரு தகட்டின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால், அதனை நீட்டுவதற்கு வேண்டிய விசையும் பாதியாகும். வளைப்பதற்கு வேண்டிய விசையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். தடிப்பு குறையக் குறைய, நீள்வதைவிட வளைவதே மேலும் மேலும் மலிவாகிறது. சில நானோமீட்டர் தடிப்புக்கு வரும்போது, நெருக்கப்பட்ட படலத்திற்கு வளைவதன்றி வேறு வழியே இல்லை.

எவ்வளவு பெரிய அலைகளாக வளையும் என்பது அடுத்த வினா. காய்ச்சி ஆறிய பாலின்மேல் படிந்த ஆடையை ஓரத்திலிருந்து கரண்டியால் மெல்லத் தள்ளினால், அதில் ஒன்றையடுத்து ஒன்றாகச் சீரான சுருக்கங்கள் எழும். ஆடை தன் விறைப்பின் காரணமாகப் பெரிய வளைவுகளையே விரும்புகிறது. கூர்மையாக மடங்குவது அதற்குக் கடினம். அடியில் உள்ள பாலோ தன் எடையின் காரணமாகப் பெரிய மேடுபள்ளங்களை ஏற்பதில்லை. இருவர்க்கும் இடையே ஏற்படும் உடன்பாடே அச்சுருக்கங்களின் அகலம். பாலுக்குப் பதிலாகக் களிபோன்ற மென்மையான திண்மம் அடியில் இருந்தால், அதன் மீட்சித்தன்மை அந்த உடன்பாட்டில் பங்கெடுக்கும். ஆக, ஒரு படலம் எவ்வாறு நெளியும் என்பதை அப்படலம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனைத் தாங்கி நிற்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. சிவப்பணுவின் படலத்தைத் தாங்குவது எது?

ஆவிக்குள் ஒரு வலை

சிவப்பணுவை உப்புக் குறைந்த நீரில் இட்டால் அது உப்பி, உள்ளிருக்கும் செந்நிற ஹீமோகுளோபினை வெளியேற்றிவிட்டு வெற்றுக்கூடாக எஞ்சும். நிறமிழந்து வெளிறிய அக்கூட்டை ஆய்வாளர்கள் ‘ஆவி’ என்று அழைத்தனர். 1968இல் அமெரிக்காவில் மார்கேசி, ஸ்டீர்ஸ் என்னும் இருவர் அந்த ஆவியிலிருந்து ஒரு நீண்ட புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஆவியிலிருந்து கிடைத்ததால் அதற்கு ஸ்பெக்ட்ரின் என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் ஆவியுருவைக் குறிக்கும் ஒரு சொல்லை ஒட்டி அமைந்த பெயர் அது. ஆய்வகத்திலும் நகைச்சுவைக்கு இடமுண்டு.

ஸ்பெக்ட்ரின் ஒரு பல்லுறுப்பி. மணிகள் கோத்த மாலைபோல் ஒரே மாதிரியான சிறு கூறுகள் பல அடுத்தடுத்து அமைந்த இழை. முழுதும் நீட்டினால் ஓர் இழை 200 நானோமீட்டர் இருக்கும். ஆனால் அணுவினுள் இரு முடிச்சுகளுக்கு இடையே உள்ள தொலைவு 70 நானோமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதே பெருக்கக் கணக்கில் சொல்வதானால், 7 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள முடிச்சுகளை 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிறுகளால் தளரக் கட்டிய வலை. ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் பெரும்பாலும் ஆறு இழைகள் கிளம்புகின்றன. இவ்வாறு அமைந்த வலை, படலத்தின் உட்புறம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. படலத்தையும் வலையையும் ஆங்காங்கே இணைத்து வைப்பது ஆங்கிரின் என்னும் மற்றொரு புரதம். நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர்.

இவ்வலை தளர்ந்து இருப்பதில்தான் அதன் ஆற்றல் இருக்கிறது. வெப்பத்தின் காரணமாக ஒவ்வோர் இழையும் ஓயாது துடித்துக் கொண்டு, எண்ணற்ற வகைகளில் சுருண்டும் மடிந்தும் கிடக்கிறது. அதனைப் பிடித்து நேராக்கினால், சுருளக்கூடிய வகைகள் குறைந்துவிடுகின்றன. விட்டவுடன் அது தன் பழைய கலைந்த நிலைக்கே திரும்புகிறது. ரப்பர் இழுபட்டுத் திரும்புவதும் இதே காரணத்தால்தான். கொழுப்புப் படலத்தின் பரப்பை நீட்ட வேண்டிய விசையோடு ஒப்பிட்டால், இவ்வலையை உருக்குலைக்க வேண்டிய விசை பல்லாயிரம் மடங்கு குறைவு. அத்துணை மென்மையானது. எனினும் அந்த மென்மையான இழுப்பே சிவப்பணுவுக்கு வடிவ நினைவைத் தருகிறது.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் குறையுடையவை. படலம் உள்ளிருப்பதைச் சிந்தாமல் காக்கும். ஆனால் நீளாது, வடிவத்தை நினைவில் கொள்ளாது. வலை நீளும், மீளும். ஆனால் கண்ணிகள் வழியே அனைத்தையும் ஒழுகவிடும். இணைந்தபின் நிகழ்வதே சிறப்பு. அணு குறுகிய இடத்தில் நுழையும்போது வலை ஒருபுறம் விரிந்து மறுபுறம் நெருங்குகிறது. படலம் அதற்கேற்ப வழுக்கியும் வளைந்தும் இடங்கொடுக்கிறது. வெளியே வந்ததும் வலை படலத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஏறத்தாழ நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தட்டு வடிவுக்குத் திரும்புகிறது. நடுவே குழிந்த அந்த வடிவமும் தற்செயலானதன்று. குறிப்பிட்ட பரப்பும் குறிப்பிட்ட கொள்ளளவும் உடைய ஒரு பை, மிகக் குறைந்த அளவே வளைந்து ஓய்ந்திருக்க விரும்பினால் இருபுறமும் குழிந்த தட்டாகவே அமையும் என்று 1970இல் கன்ஹாம் கணக்கிட்டுக் காட்டினார்.

கண்ணாடிமேல் விரித்த படலம்

இயற்கையின் இந்த ஏற்பாட்டை ஆய்வகத்தில் செய்து பார்க்கும் முயற்சி 1980களில் வலுப்பெற்றது. 1985இல் தாம், மெக்கானல் ஆகியோர் ஈரடுக்குக் கொழுப்புப் படலத்தை ஒரு கண்ணாடி வில்லையின்மேல் விரித்துக் காட்டினர். அதில் ஒரு சிக்கல் இருந்தது. படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரிரு நானோமீட்டர் நீரே இருந்தமையால், படலத்தில் பதித்த புரதங்களின் அடிப்பகுதி கண்ணாடியில் உராய்ந்து ஒட்டிக்கொண்டது; அவற்றால் நகர இயலவில்லை. செருமனியின் சக்மன் உள்ளிட்டோர் கண்ணாடிக்கும் படலத்துக்கும் இடையே நீரில் ஊறிய பல்லுறுப்பி மெத்தை ஒன்றை அமைத்து அக்குறையை நீக்கினர். வெறுந்தரையில் படுப்பதற்கும் பாய்விரித்துப் படுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருபடி மேலே சென்றனர். நீளவும் சுருங்கவும் கூடிய ரப்பர்போன்ற தாளின்மேல் கொழுப்புப் படலத்தை ஒட்டி, அத்தாளை இழுத்தும் தளர்த்தியும் பார்த்தனர். தாள் சுருங்கியபோது படலத்தால் சுருங்க முடியவில்லை. மிகுந்துபோன பரப்பை அது மெல்லிய குழல்களாக வெளியே தள்ளியது. தாள் விரிந்தபோது, மேலே ஒட்டிக்கிடந்த சிறு கொழுப்புக் குமிழ்களைத் தன்னுள் இணைத்துக்கொண்டு கிழியாமல் தானும் விரிந்தது. உயிரில்லை, கட்டளையிட மரபணு இல்லை. தாங்கும் தாளோடு ஒட்டியிருத்தல் என்னும் ஒன்றே படலத்தை இவ்வாறு நடந்துகொள்ளச் செய்தது. உயிரணுக்கள் தம் பரப்பைக் கூட்டியும் குறைத்தும் கொள்வதில் எவ்வளவு பங்கு எளிய இயற்பியலுக்கு உரியது என்பதை இச்சோதனை உணர்த்தியது.

பிணைப்பு நெகிழ்ந்தால்

படலமும் வலையும் பிரியாதிருத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நோய்களே தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன. வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 2000 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் ஒரு பரம்பரை நோய், உலகின் பிற பகுதிகளிலும் இந்தியாவிலும் உண்டு. அந்நோயில் சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். ஆங்கிரினிலோ, அதனோடு தொடர்புடைய பிற புரதங்களிலோ குறை நேரும்போது படலத்தை வலையோடு பிணைக்கும் நங்கூரங்கள் குறைந்துபோகின்றன. பிடிப்பில்லாத இடங்களில் படலம் வெளிப்புறமாகப் புடைத்து, சிறு குமிழாகக் கழன்று போய்விடுகிறது. நெளிவு எல்லை மீறிய நிலை இது. ஒவ்வொரு குமிழும் அணுவின் கூடுதல் உடையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டு செல்கிறது. உள்ளிருக்கும் கொள்ளளவோ பெரிதும் குறைவதில்லை. முக்கால் மூட்டை மெல்ல மெல்ல நிறைமூட்டை ஆகிறது.

அதனைக் கண்டறிய மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய சோதனை, ஹியூசன் கண்ட காட்சியின் மறுபதிப்பே. குருதியை வெவ்வேறு செறிவுள்ள உப்புநீர்களில் இடுவர். 0.9 விழுக்காட்டு உப்புநீரில் அணுக்கள் இயல்பாக இருக்கும். செறிவு குறையக் குறைய நீர் உட்புகுந்து அணு உப்பும். நல்ல சிவப்பணு தன் கூடுதல் பரப்பால் அதனைத் தாங்கி, 0.5 விழுக்காட்டை ஒட்டிய செறிவில்தான் உடையத் தொடங்கும். உருண்டை அணுவுக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லாததால் அதற்கு முன்பே உடைந்துவிடும்.

இந்நோயுள்ள குழந்தையின் சிவப்பணுக்கள் உயிர்க்காற்றைச் சுமப்பதில் குறைவைப்பதில்லை. பணியில் குறையில்லாத அவை மண்ணீரலின் பிளவில் மட்டும் தோற்றுப்போகின்றன. விழுங்கப்பட்ட அணுக்களின் எச்சத்தால் கண்கள் மஞ்சளிக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது, குழந்தை சோகையால் வெளிறுகிறது. நோய் கடுமையானால் மண்ணீரலையே அறுவை செய்து அகற்றுவர். அதன்பின்னும் அணுக்கள் உருண்டையாகவே இருக்கும். ஆனால் அவற்றைத் தடுத்து நிறுத்த ஆளில்லை, சோகை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. எனினும் மண்ணீரலைப் பகைவனாகக் கருதுதல் தவறு. குருதியில் புகும் சில கொடிய நுண்ணுயிரிகளைப் பிடித்தழிப்பதும் அதுவே. அதனால்தான் இயன்றவரை குழந்தை சற்று வளரும்வரை காத்திருந்து, தடுப்பூசிகள் இட்ட பின்னரே அறுவையை மேற்கொள்கின்றனர். எதை இழந்து எதைப் பெறுவது என்பது அங்கே பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய கடினமான முடிவு.

படலத்தோடு உள்ள பிணைப்பு கெடாமல், வலையின் இழைகள் தம்முள் இணையும் இடம் மட்டும் பழுதானால் வேறொரு விளைவு தோன்றும். நுண்குழாயில் நீண்டு நுழைந்த அணு, வெளியே வந்தபின்னும் முழுதும் மீளாமல் காலப்போக்கில் நீள்வட்டமாகவே தங்கிவிடும். இக்குறையுள்ளோர் பலர் எவ்வித நோயும் உணராமல் வாழ்கின்றனர். இரத்த வங்கியில் 42 நாள்வரை குளிரில் வைக்கப்படும் குருதியிலும் நாளாக நாளாகச் சிவப்பணுக்கள் முள்முள்ளாகப் புடைத்துக் குமிழ்களை உதிர்க்கின்றன. கொடையாகப் பெற்ற குருதிக்கு நாள் குறிக்கப்படுவதில் இந்தச் சிறு குமிழ்களுக்கும் பங்குண்டு.

வலை கற்ற வடிவம்

எல்லாவற்றிலும் துயரமானது அரிவாளணுச் சோகை. இங்கே குறை படலத்திலும் இல்லை, வலையிலும் இல்லை. உள்ளிருக்கும் ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று அமைந்திருக்கிறது. உயிர்க்காற்றை இழந்தவுடன் அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட விறைத்த நார்களாகின்றன. உள்ளேயிருந்து குத்தும் அந்நார்களால் அணு அரிவாள் வடிவில் வளைகிறது. நுரையீரலுக்குத் திரும்பி உயிர்க்காற்றைப் பெற்றதும் நார்கள் கரைகின்றன; படலமும் வலையும் அணுவைத் தட்டு வடிவுக்கு மீட்கின்றன. அடுத்த சுற்றில் மீண்டும் வளைவு, மீண்டும் மீட்சி. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின் ஒருநாள் அணு மீள்வதில்லை. நார்கள் கரைந்த பின்னும் அது அரிவாளாகவே நிற்கிறது. அத்தகைய அணுக்களிலிருந்து ஹீமோகுளோபினை முழுதும் நீக்கி, கொழுப்பையும் நீக்கிப் பார்த்த ஆய்வாளர்கள் 1976இல் கண்டது, அரிவாள் வடிவிலேயே எஞ்சி நின்ற வலையை. நல்ல வடிவத்தை நினைவில் வைத்திருக்க வேண்டிய வலை, நோயின் வடிவத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

இந்நோய் தமிழகத்திற்கு அயலானதன்று. லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாளணுக் கூறு இருப்பதை 1952இல் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் குறித்து வெளிவந்த தொடக்ககாலச் செய்திகளுள் அதுவும் ஒன்று. நெடுங்காலமாக மலைவாழ் குழந்தைகளின் தாங்கமுடியாத எலும்பு வலிக்கும் அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் பெயர் தெரியாமலே இருந்தது. குறுகிய நாளங்களில் அரிவாள் அணுக்கள் சிக்கிக் குருதி ஓட்டத்தை அடைப்பதே அவ்வலிக்குக் காரணம். 120 நாள் வாழவேண்டிய அணு இவர்களிடம் 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கப்பட்ட நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம், பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது.

அதற்கான முதற்கட்டச் சோதனைகளுள் ஒன்று மிக எளியது. விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டுக் குருதியை, அணுவை உடைத்து உயிர்க்காற்றையும் நீக்கும் கரைசல் உள்ள சிறு குழாயில் இடுவர். குழாயின் பின்னால் கருங்கோடுகள் வரைந்த தாள் ஒன்றைப் பிடிப்பர். சில நிமிடங்கள் காத்திருப்பர். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவர். கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால், தாயையும் குழந்தையையும் அடுத்த சோதனைக்காக அமரவைப்பர்.